நான்காம் குழாயில் வேறொரு தாய்

ஷமீனா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படி வந்ததே இல்லை. கையில் மடிக்கணினி. முகத்தில் ரத்தமே இல்லை. என் மேசையில் பால் விடாத தே ஓ தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, வெளியே ஈப்போவின் வழக்கமான பிற்பகல் மழை.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். ஏசக்கூடாது."

"ஏசுற மாதிரி என்னா செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல டாக்டர். நம்ம ஈக் குழாய் முடிவப் பாருங்க. மூணாவது குழாய் வரைக்கும் ஒரு தாய். நாலாவதுல இருந்து வேற தாய்."

எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நிம்மதியாக இருந்திருப்பேன்.  நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ குழாய மாத்தி எடுத்திருப்ப. திரும்பச் செய்" என்றேன்.

"ரெண்டு தடவ செஞ்சுட்டேன் டாக்டர்."

"மூணாவது தடவ செய்!" என்று கத்தினேன். பாவம், அந்தப் பெண் மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தால் முதலில் எதிரில் இருப்பவருக்குத்தான் விழும். இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு இது புதிதல்ல.

ஈ ஓட்டும் உத்தியோகம்

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு பாரிட் புந்தாரிலிருந்து ஒரு வாசகர், "ஈயைப் பற்றி முப்பது வருடம் படிக்க அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அம்மாவும் இதையே கேட்டார், கொஞ்சம் காரமாக.

"மேல்படிப்புப் படிச்சு ஈ ஓட்டுறியாடி?"

சமையலறையில் வாழைப்பழம் கொஞ்சம் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளைவிடச் சின்னதாக, சிவப்புக் கண்ணோடு? அதுதான் என் சோறு. பழ ஈ பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளை பெற்றுவிடும். மனிதக் குடும்பத்தில் ஐந்து தலைமுறையைப் பார்க்க நூறு வருடம் வேண்டும். ஈயிடம் இரண்டு மாதம் போதும். மரபணு எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான உயிர் கிடையாது.

அதை வளர்ப்பதும் ஒரு குடும்பம் நடத்துவதுதான். சோள மாவு, சீனி, ஈஸ்ட், அகார் அகார் போட்டுக் கூழ் காய்ச்சி, போத்தலில் ஊற்றி ஆறவைத்து, ஈயை விட்டுப் பஞ்சால் அடைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப் போத்தலுக்கு மாற்ற வேண்டும். அதற்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் 'வீடு மாத்தல்' என்று பெயர். ஒரு தடவை மறந்தால் ஒரு வம்சமே போய்விடும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் எதுவும் ஈக்குத் தெரியாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கூழ் காய்ச்சி, போத்தல் கழுவி, வீடு மாற்றியவர் சரோஜா அக்கா. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒவ்வொரு வாரமும் வளர்ப்புப் பதிவேட்டில் எந்தப் போத்தல் எந்த நாள் மாறியது என்று எண்களில் குறிப்பார். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மலாய் மொழியில் எழுதத் தயங்கினார்.

"தமிழ்லயே எழுதுங்க அக்கா. எது நடந்தாலும் எழுதி வைங்க. நான் படிச்சுக்கிறேன்" என்று நான்தான் சொன்னேன். அரசாங்கப் பதிவேட்டில் தமிழ் ஏறியதில் எனக்கு ஒரு பெருமை. நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

செம்படாக் மரத்தடியில் பிடித்த தாய்

இனி அந்தத் தாய் யார் என்று சொல்ல வேண்டும்.

ஆயர் தாவார் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரின் சிமெண்டுத் தரையும், அதன் பின்னால் ஒரு செம்படாக் மரமும் மட்டும் மிச்சம். செம்படாக் என்பது பலாவுக்குத் தம்பி, வாசனையில் மட்டும் அண்ணன். பழம் விழுந்து வெயிலில் வெந்து கிடக்கும். அந்த இடத்தில் நின்றால் மூக்கில் ஏறிய நெடி மறுநாள் வரை போகாது.

அந்தச் சூட்டில், அந்த அழுகல் பழத்தில், ஈக்கள் ஜாம் ஜாமென்று வாழ்ந்தன. சாதாரணமாக அத்தனை சூட்டில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஆகவே இவற்றிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. ஒருநாள் சரோஜா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் போத்தல் பிடிக்க, நான் வாழைப்பழம் வைத்து ஈ பிடித்தேன். ஒரு போத்தலுக்கு ஒரே ஒரு பெண் ஈ. அதன் பிள்ளைகள் வேறு போத்தலோடு கலக்கக் கூடாது. 'ஒரு தாய் வம்சம்' என்று அதைச் சொல்வோம்.

அப்படி வந்த ஒரு தாயின் வம்சம்தான் என் வாழ்க்கை. சூட்டு அறை என்று ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கி அதில் வைத்து வளர்த்தேன். ஆண்டு முடிவில் சில ஈக்களை எடுத்துச் சாராயம் நிரம்பிய சின்னக் குழாயில் போட்டு, எண் எழுதி, குளிர்பெட்டியில் வைத்தேன். பதினெட்டு வருடம், பதினெட்டுக் குழாய்.

வரைபடத்தில் ஒரு படி

என்னைக் கொஞ்சம் பெயர் தெரிந்தவளாக்கிய ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. அதன் சாரம் இதுதான்: ஒரே தாயின் வம்சம் தலைமுறைக்குத் தலைமுறை சூட்டைத் தாங்கப் பழகியது. முதல் மூன்று ஆண்டு மெல்ல மெல்ல. நான்காம் ஆண்டில் திடீரென்று ஒரு தாவல்.

வரைபடத்தில் அந்த இடம் படிக்கட்டுபோல் ஏறி நிற்கும். அந்தப் படிக்கு நான் எத்தனை விளக்கம் கொடுத்தேன்! எத்தனை நாட்டில் மேடையேறி அந்தப் படியைச் சுட்டிக்காட்டினேன்! வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் என்னிடமிருந்து இந்த ஈக்களைக் கேட்டு வாங்கி, அந்தப் படியின் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஷமீனா செய்தது சின்ன வேலை. ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் அவள். கடைக்குழம்பில் எது எதோடு கலந்தது என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவாள். பதினெட்டுக் குழாய்களிலிருந்தும் ஈ எடுத்து, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும் மரபணுப் பகுதியைப் படித்தாள். ஒரே தாய் வம்சம் என்றால் பதினெட்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்றாக இருந்தது. நான்காவதிலிருந்து பதினெட்டு வரை வேறாக இருந்தது.

நான்காம் ஆண்டில் ஈக்கள் பழகவே இல்லை. யாரோ குடும்பத்தையே மாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாம் தடவையும் செய்துகொண்டு வந்து நின்றாள். முடிவு அதேதான். இந்தத் தடவை நான் கத்தவில்லை. 

"டாக்டர், என் தீசிஸ் மூணாவது அதிகாரம் முழுக்க அந்தப் படிய நம்பித்தான் இருக்கு" என்றாள். "நான் என்னா செய்ய?"

எனக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது.

கழுவுதொட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தத் தொடரே பொய்.

அன்று மாலை ஷமீனா போன பிறகு குளிர்பெட்டியைத் திறந்து முதல் மூன்று குழாய்களைக் கையில் எடுத்தேன். என் சுண்டுவிரல் அளவுதான். உலகத்தில் அந்தப் பழைய தாயின் வாரிசுகள் மிச்சமிருந்தது அதற்குள் மட்டும்தான். மூடியைத் திறந்து கழுவுதொட்டியில் கவிழ்த்தால் முடிந்தது. குளிர்பெட்டி பழுதானது, குழாய் உடைந்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஷமீனா என் மாணவி. நான் சொன்னால் கேட்பாள்.

கழுவுதொட்டிக்கு முன்னால் நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. காவலாளி விளக்கை அணைக்க வந்து, "டாக்டர், பெலும் பாலிக்?" என்று, இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டார். திடுக்கிட்டுக் குழாய்களைத் திரும்ப வைத்தேன். நல்ல புத்தி வந்ததால் வைத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்த ஆள் வந்ததால் வைத்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே கணக்கு. அந்த நாலாம் வருடத்தில் சூட்டு அறைக்குள் போனவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். நான் அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் பயிற்சிக்காக வெளிநாடு போய், இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தேன்.

இன்னொருவர் சரோஜா அக்கா.

கமுந்திங்கில் ஒரு சனிக்கிழமை

சரோஜா அக்கா ஓய்வு பெற்று, கமுந்திங்கில், கிலாங் என்கிற தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகளோடு இருக்கிறார். சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்தேன். வழிநெடுக அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அத்தனையும் ஏச்சு.

என்னைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. உட்காரவைத்து, அரிசிச் சேமியா மீகூன் பிரட்டி, கோப்பி கலக்கிக் கொடுத்து, "டாக்டர் எளச்சுப் போயிட்டீங்க லா" என்றார். ஏச்சை ஒத்திவைத்துக் கோப்பியை எடுத்தேன்.

"அக்கா, நான் வெளிநாடு போனேனே ஒரு தீபாவளி. அப்ப சூட்டு ரூம்ல ஏதாச்சும் நடந்துச்சா?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "புகை அடிச்சாங்களே டாக்டர், அதையா கேக்குறீங்க?"

டெங்கிக் கொசுவுக்காகத் தீபாவளிக்கு முதல் நாள் கட்டடத்தைச் சுற்றிப் புகை அடித்திருக்கிறார்கள். சூட்டு அறையின் காற்றாடி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கொசு செத்ததோ இல்லையோ, என் ஈக்கள் செத்தன. நகல் போத்தல்களையும் அதே அறையில் வைத்தது என் கெட்டித்தனம்.

"தீவாளிக்கு மறுநாள் வீடு மாத்தப் போனேன். போத்தல் பூரா அடியில கடுகு கொட்டுன மாதிரி கெடக்கு. ஒண்ணுகூட அசையல. அங்கேயே ஒக்காந்து அழுதேன் டாக்டர். நீங்க போறப்ப என்னா சொல்லிட்டுப் போனீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சொன்னார்.

"'இந்த ஈ செத்துச்சுன்னா வேலைக்கு வராதீங்க அக்கா'ன்னீங்க."

நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். சந்தேகமே இல்லை.

"அப்புறம் என்னா செஞ்சீங்க?"

"எங்க வூட்டுக்காரரு கப்சாய் மோட்டார் சைக்கிள்ல ஏறி ஆயர் தாவார் போனோம். நல்ல மழ. அதே செம்படாக் மரம். நீங்க செஞ்ச மாதிரியே வாழப்பழம் வெச்சுப் புடிச்சேன். ஒரு போத்தலுக்கு ஒத்தப் பொம்பள ஈ. இருவது போத்தல். ரூமக் கழுவிக் காயவெச்சு, சூட்டுல வெச்சேன். பேரப்புள்ள எடுத்த போத்தலு ஒண்ணே ஒண்ணுதான். அத வெச்சுக்கிட்டேன். மத்தத கலக்கவே இல்ல டாக்டர், சத்தியமா."

கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.  என் வரைபடத்தில் இருந்த படி, நான் நாலு கண்டத்தில் விளக்கிய படி, மழையில் நனைந்துகொண்டு ஒரு கப்சாய் மோட்டார் ஆயர் தாவாருக்குப் போய்வந்த கதை. நான் ஒரு தடவை பிடித்ததைவிட நல்ல வம்சத்தை அக்கா பிடித்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றையும் அவர் தவறவிடவில்லை.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார்.

"சொன்னேனே டாக்டர். புக்குல எழுதுனேனே. நேர்ல சொல்லப் பயமா இருந்துச்சு, எழுதி வெச்சேன். நீங்க வந்து படிச்சுப் பாத்து சைன் போட்டீங்க. ஒரு வார்த்த ஏசல. டாக்டர் மன்னிச்சுட்டாங்கன்னு வூட்டுல போய் சாமிக்கு வெளக்கு ஏத்துனேன். அதுக்கு அப்புறம் நான் ஒருநா வேலைக்கு லேட்டா வந்து பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அதை நான் அவருடைய இயல்பு என்று நினைத்திருந்தேன்.

அதைப் படித்த ஞாபகமே எனக்கு இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. மீகூனை முழுதும் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். கோழை.

பச்சை மை

திங்கட்கிழமை சாமான் அறையில் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தோம். பிற்பாடு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியபோது எழுத்தர் எண்களை மட்டும் ஏற்றிவிட்டு 'குறிப்பு' கட்டத்தை விட்டுவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஷமீனாவும் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்ட வராது.

பக்கத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். தேதி சரியாக இருந்தது. கட்டம் நிறைந்து ஓரத்திலும் எழுத்து ஏறியிருந்தது. கீழே பச்சை மையில் என் கையெழுத்து. அந்தக் காலத்தில் பச்சை மைதான் போடுவேன். அதுவும் ஒரு பெருமை.

"என்னா எழுதியிருக்காங்க டாக்டர்?" என்று ஷமீனா கேட்டாள்.

நான் சத்தமாகப் படித்தேன்.

"புகை அடித்து ஈ எல்லாம் செத்துப்போச்சு. ஒண்ணும் மிச்சம் இல்லை. நான் ஆயர் தாவார் போய் அதே மரத்தில் புதுசு பிடித்து வைத்திருக்கிறேன். ஒரே தாய். டாக்டர் வந்ததும் பார்க்கவும். தப்பு என்றால் சொல்லவும். சரோஜா."

ஷமீனா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினேன். 'பஞ்சு முடிஞ்சது.' 'கூழ் பூசணம் பிடிக்குது.' 'எட்டாம் போத்தல் விரிசல்.' வாரா வாரம் எழுதியிருக்கிறார். வாரா வாரம் பச்சை மை. ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. தமிழில் எழுதச் சொன்னவள் நான். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அவர் வேறு யாருக்கும் எழுதவில்லை.

மூன்று குழாயைத் தொட்டியில் கொட்டப் போனவள் நான். அவரோ பதினாலு வருடத்துக்கு முன்பே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். 

அன்றைக்கே ஆய்வுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காரணம் இது, கண்டுபிடித்தவர் ஷமீனா என்று. ஈக்களை வாங்கிப்போன ஆய்வுக்கூடங்களுக்கும் எழுதினேன். ஷமீனாவின் மூன்றாவது அதிகாரம் இப்போது வேறு அதிகாரம். எழுதி முடிக்க ஆறு மாதம் கூடுதலாகும். அவள் வாப்பா கடையிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த பிரியாணி நின்றுவிட்டது. நியாயம்தான்.

தொலைபேசியில்

கடிதத்தில் ஓர் இடம் பாக்கி இருந்தது. இப்போது உயிரோடு இருக்கும் வம்சத்தைச் சேகரித்தவர் பெயர். அங்கே என் பெயரைப் போட முடியாது. முழுப் பெயர் கேட்க அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"சரோஜா, அப்பா பேரு முனியாண்டி. எதுக்கு டாக்டர்?"

சொன்னேன். அவர் பிடித்த ஈ இன்னும் உயிரோடு இருக்கிறது, வெளிநாட்டில்கூட இருக்கிறது என்றதும் சிரித்தார். அவர் பெயர் அச்சில் வரும் என்றதும், "ஐயோ, வேணா லா" என்றார், வேண்டும் என்கிற குரலில். கட்டுரையைத் திரும்பப் பெறுவதையும் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"கட்டுரைய ஏன் டாக்டர் திரும்ப வாங்குறீங்க? நான் செஞ்சது தப்பா?"

"இல்ல அக்கா. தப்பு என்னோடது."

"நீங்க என்னா தப்பு செஞ்சீங்க? உங்களுக்குத் தெரியுமே. அப்பவே படிச்சீங்களே."

கமுந்திங்கில் விழுங்கியதை இங்கே விழுங்க முடியவில்லை.

"படிக்கல அக்கா" என்றேன். "சைன் மட்டும்தான் போட்டேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். 

"அப்ப நீங்க என்னைய மன்னிக்கவே இல்லியா டாக்டர்?" என்றார் சரோஜா அக்கா.